இரணியலில் செருப்பைக் கழற்றியவர்

இரணியலில் எங்கள் பாசஞ்சர் வண்டி கிராசிங்குக்காக நின்றதும் பெட்டியில் உள்ள எல்லாரும் மணி பார்ப்போம். சிஸ்டர் மட்டும் செருப்பைக் கழற்றுவார்.

ஒற்றைத் தண்டவாளம். நாகர்கோவிலிலிருந்து எதிரே வரும் பாசஞ்சர் இரணியலுக்குள் வந்து நின்றால்தான் எங்களுக்கு வழி கிடைக்கும். சில நாள் அது உடனே வந்துவிடும். பல நாள் வராது. நாங்கள் குழித்துறையிலிருந்து நாகர்கோவிலுக்கு தினமும் வேலைக்குப் போகிற சீசன் டிக்கெட்காரர்கள். தாமதமாகப் போனால் யார் யாரிடம் என்ன பேச்சு கேட்க வேண்டும் என்பது அவரவர்க்குத் தெரியும். வங்கியில் வேலை பார்த்த ஜெபின் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பான்.

"சவத்து வண்டி, எடுக்க மாட்டேங்கானே!"

சிஸ்டர் அதற்குள் பிளாட்பாரத்தில் இறங்கி, கல் பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளைச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருப்பார். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தரையில் இரண்டு பாதங்களையும் மெதுவாகப் பதிப்பார். பெருவிரல் முதலில், குதிகால் கடைசியில். பதித்ததும் முகத்தில் ஒரு மாற்றம் வரும். வெயிலில் நடந்து வந்து குளத்தில் இறங்கியவர் முகத்தில் வருமே, அது.

"சிஸ்டருக்கு என்ன, ஸ்டேஷன் மாஸ்டருக்க சொந்தக்காரியாக்கும். வண்டிய பிடிச்சு நிறுத்துகதே நீங்கதானே?" என்பான் ஜெபின்.

"நிக்கட்டு மக்கா. வண்டி நின்னா நாம எறங்கி ஓடவா போறோம்?"

அவர் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐம்பது தாண்டியிருந்தது. எங்கள் பெட்டியில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டார், எங்களோடு வருவதில்லை. எனக்கு எதையும் நாள் கிழமையோடு நினைவு வைத்துக்கொள்கிற பழக்கம் உண்டு. ஆனால் சிஸ்டரை நினைத்தால் நாள் வருவதில்லை. பழம்தான் வருகிறது.

மட்டிப்பழம். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வாழைப்பழம்தான், ஆனால் விரல் அளவே இருக்கும், தோல் மெலிது, அறையில் ஒரு சீப்பு இருந்தால் கதவைத் திறக்கும்போதே தெரியும். சிஸ்டர் தினமும் காலையில் ஒரே ஒரு பழம் கொண்டு வருவார். முதலில் மணந்து பார்ப்பார். பிறகு தோலை உரிப்பார். பழத்தில் ஒட்டிய நாரை ஒவ்வொன்றாக எடுப்பார். பிறகு தின்பார். தின்று முடிக்கும்வரை அவரிடம் யாரும் பேச முடியாது.

விமலா டீச்சர் எங்களோடு வரத் தொடங்கிய புதிதில் இது தெரியாமல் ஏதோ கேட்டுவிட்டார். பதிலில்லை. மறுபடி கேட்டார். சிஸ்டர் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் வகுப்பில் பிள்ளைகள் மீது பிரயோகிக்கிற விரலை இன்னொருவர் தன்மீது பிரயோகித்தால் யாருக்குத்தான் சிவக்காது? கடைசி வாய் இறங்கிய பிறகு சிஸ்டர் தோலை மடித்துக் காகிதத்தில் சுற்றினார்.

"பழம் தீந்து. இனி கேளு டீச்சர்."

"நான் கேட்டதே மறந்து போச்சு சிஸ்டர்."

"அப்ப அது பெரிய காரியம் ஒண்ணும் இல்ல."

டீச்சர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரும் ஒரு மட்டிப்பழத்தோடு வந்தார்.

சாந்தமானவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெபின் ஒருநாள் டப்பாவில் கொண்டுவந்த புட்டையும் பயறையும் கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே தின்றான். சிஸ்டர் எட்டி அந்தக் கைபேசியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுவிட்டார்.

"புட்டுக்குக் கூட்டு பயறாக்கும். இதில்ல. உனக்க அம்மை வெளுப்புக்கே எந்திரிச்சு அவிச்சிருக்கா. தின்னு முடி, தாறேன்."

"லாஸ்ட் ஓவர் சிஸ்டர்!"

"புட்டும் லாஸ்ட் ஓவர்தான். ஆறிப்போச்சுன்னா அவுட்டு."

பெட்டியே சிரித்தது. ஜெபின் தலையைக் குனிந்துகொண்டு தின்றான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பாதிக்கு மேல் அவன் வேகம் குறைந்துவிட்டது.

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவன். மனத்தை ஒரு இடத்தில் நிறுத்துவது எப்படி என்று சொல்கிற புத்தகங்கள் எங்களிடம் ஒரு தட்டு நிறைய உண்டு. அதில் நல்லது என்று எனக்குத் தோன்றிய ஒன்றை சிஸ்டருக்கு எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் திருப்பித் தந்தார்.

"நல்ல புக்காக்கும் சார். ஆனா இத படிச்சிட்டிருந்தா பழம் தின்ன நேரம் கிட்டாது."

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். ஐப்பசி மழை. ஜன்னல் பலகைகளை எல்லாரும் இறக்கிவிட்டிருந்தோம். சிஸ்டர் தன்னுடையதை மட்டும் ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு சாரலை மணந்தபடி வந்தார். கையெல்லாம் நனைந்திருந்தது. அவர் முன்பு குவைத்தில் வெகு காலம் வேலை பார்த்தவர். தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே நின்றுகொண்டே தின்று, நின்றுகொண்டே காப்பி குடித்துப் பழகியிருக்கிறார்.

"லீவுக்கு வந்திருந்தேன் சார். எனக்க மாமியா மீன் கறி வச்சு தந்தாவ. தின்னு கை கழுவி வந்து இருந்தேன். வீட்டுக்காரரு கேக்காரு, மீனு எப்பிடி இருந்துன்னு. எனக்கு எந்த மீனுன்னே தெரியல்ல. அயலையா, சாளையா, ஒண்ணும் தெரியல்ல. தட்டத்தப் பாத்தா முள்ளு கெடக்கு. தின்னது நான்தான். ஆனா நான் அங்க இல்ல."

ஜன்னல் இடைவெளியில் மறுபடி கையை நீட்டினார்.

"அண்ணைக்கு பயந்து போனேன் சார். வார்டில எத்தனையோ பாத்திருக்கேன். அப்பிடி ஒரு பயம் வந்ததில்ல."

அன்றிலிருந்துதான் ஒரு நேரத்துக்கு ஒன்று என்ற இந்தப் பிடிவாதம். அதில் மூக்குக்கு முதலிடம். கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் பள்ளியாடி ஸ்டேஷன் தாண்டியது அவருக்குத் தெரியும். ஈர ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை வரும். நாங்கள் மூக்கைச் சுளிப்போம். அவர், "இண்ணைக்கு நல்ல வெயிலு, ஷீட்டு காயுது" என்பார். இரணியலில் குளச்சல் பக்கத்திலிருந்து வந்து ஏறுகிற திரேசம்மாளின் கருவாட்டுப் பாத்திரத்தைக் கண்டால் நாங்கள் நகர்ந்து உட்காருவோம். சிஸ்டர் மட்டும் வாசல்வரை போவார். "நெத்திலியா? இல்ல, கூட வாளையும் உண்டு" என்பார். திரேசம்மாளுக்கு அதில் ஒரு பெருமை. மூடியைக்கூடத் திறக்காமல் சொல்கிறாரே!

பிறகு பெருந்தொற்று வந்தது. வண்டிகள் நின்றன. இரண்டாம் அலையின்போது சிஸ்டர் வார்டில்தான் இருந்தார் என்றும், அவருக்கும் வந்துவிட்டது என்றும், பிழைத்துக்கொண்டார் என்றும் ஒவ்வொன்றாகக் கேள்விப்பட்டோம். பாசஞ்சர் மீண்டும் ஓடத் தொடங்கி, சீசன் டிக்கெட்டும் கொடுத்த பிறகு, ஒரு திங்கட்கிழமை அவர் குழித்துறையில் ஏறினார். இளைத்திருந்தார். சிரித்தார். எல்லாரையும் விசாரித்தார்.

இரணியலில் வண்டி நின்றது. சிஸ்டர் இறங்கவில்லை. செருப்பும் காலில்தான் இருந்தது. பைக்குள்ளிருந்து மட்டிப்பழத்தை எடுத்தார். மணந்து பார்க்கவில்லை. நாரெடுக்கவில்லை. கைபேசியில் எதையோ தள்ளிப் பார்த்துக்கொண்டே இரண்டு வாயில் விழுங்கிவிட்டுத் தோலை ஜன்னல் வழியே எறிந்தார்.

ஜெபின் என்னைப் பார்த்தான். விமலா டீச்சர்தான் கேட்டார்.

"சிஸ்டர், உங்களுக்கு என்ன ஆச்சு?"

"மணமும் இல்ல, ருசியும் இல்ல டீச்சர். காய்ச்சலு போச்சு, இது போவல்ல. பழம் தின்னா சோப்பு தின்ன மாதிரி இருக்கு. ஒரு சத்துக்கு விழுங்குகது."

"வந்திரும் சிஸ்டர். எனக்க தம்பிக்கு வந்துட்டு" என்றான் ஜெபின்.

"வந்தவியளுக்கு வந்துட்டு. எனக்கு மாசம் எத்தனையாச்சு?" கைபேசியைப் பைக்குள் போட்டார். "பழம் போனா போட்டு மக்கா. மகளுக்குப் பிள்ள பிறந்திருக்கு, வீட்டிலதான் இருக்கா. மடியில போட்டாவ. குனிஞ்சு தலைய மணந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல. பொம்மைய மணந்த மாதிரி. நான் எத்தன பிள்ளையள கையில எடுத்திருக்கேன்! எனக்க சொந்தப் பேரனுக்க மணம் என்னன்னு எனக்குத் தெரியாது. சவேரியார் கோயில் திருவிழா முடிஞ்சா மருமகன் வந்து ரெண்டு பேரையும் துபாய்க்குக் கொண்டு போவான். பெறவு வரும்போ அவன் வளந்திருப்பான். அந்த மணம் அப்ப இருக்காது."

அப்போது ஓணம் முடிந்த வாரம். கோட்டாற்றில் சவேரியார் திருவிழா கார்த்திகையில் வரும். இடைப்பட்ட காலம்தான் எங்கள் கையில் இருந்தது.

அவருடைய ஆஸ்பத்திரி டாக்டர், மணமுள்ள பொருள்களைத் தினமும் முகர்ந்து, அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பழகச் சொல்லியிருந்தார். சிஸ்டர் சில நாள் செய்துவிட்டு விட்டுவிட்டார். அந்தப் பொறுப்பை எங்கள் பெட்டி எடுத்துக்கொண்டது. விமலா டீச்சர் தோவாளைப் பிச்சிப்பூவை ஈரத்துணியில் பொதிந்து கொண்டு வந்தார். ஜெபின் அன்றன்று அரைத்த காப்பித்தூள். நான் மலைத்தோட்டத்துக் கிராம்பு. இரணியல் நிறுத்தம்தான் மருத்துவ நேரம்.

"இது என்ன சிஸ்டர்?"

"பிச்சி."

"கிட்டிச்சா?" டீச்சர் துள்ளுவார்.

"கண்ணு தெரியுமே டீச்சர். வெள்ளையா இருக்கு."

கண்ணைக் கட்டிப் பார்த்தோம். காப்பித்தூளைப் பிச்சி என்றார். எங்களைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொன்னார் என்று தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்த வைத்தியத்துக்காக நாங்கள் ஒரு சட்டமும் போட்டிருந்தோம். நல்ல மணங்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் பெட்டியில் கெட்ட வாடை கூடாது. யார் சொன்னது என்று தெரியாது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும், படித்தவன் நான்தானே. ஆகவே ஜெபின் இரணியலில் வாசலை மறித்து நிற்பான். திரேசம்மாளை ஏற விடமாட்டான்.

"அடுத்த பெட்டிக்குப் போங்கக்கா. இங்க வைத்தியம் நடக்குது."

"எனக்க கருவாடு உங்களுக்கு என்னல செய்தது?" என்பாள் அவள். ஆனாலும் தலைச்சுமையோடு அடுத்த பெட்டிக்கு நடப்பாள். ஜன்னலோரம் வெறித்துக்கொண்டிருக்கும் சிஸ்டருக்கு இது எதுவும் தெரியாது. முன்பென்றால் தெரிந்திருக்கும்.

ஐப்பசி முடிந்தது. சவேரியார் கோயிலில் கொடி ஏறிவிட்டது. மருமகன் விமான டிக்கெட் எடுத்துவிட்டதாக சிஸ்டர் சொன்னார். டீச்சர் பிச்சிப்பூவை மட்டும் விடாமல் கொண்டு வந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை, கொட்டுகிற மழை. இரணியலில் வண்டி நின்றது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. சிஸ்டரின் ஜன்னலும்தான். பெட்டிக்குள் மூச்சு முட்டியது. வாசலில் ஜெபினுக்கும் திரேசம்மாளுக்கும் சத்தம்.

"அடுத்த பெட்டி அக்கா!"

"மழை கண்ணில தெரியல்லியால? கருவாடு நனைஞ்சா புழுதான் பிடிக்கும். அத நீ தின்னுவியா? மாறுல அங்க!"

பாத்திரத்தாலேயே அவனை ஒரு இடி இடித்து உள்ளே ஏறிவிட்டாள். மழைக்கு மூடிய பெட்டி. நனைந்த கருவாடு. ஒரு நொடியில் வாடை மூலை முடுக்கெல்லாம் நிறைந்தது. நான் கைக்குட்டையை எடுத்தேன். டீச்சர் பதறிப்போய் பிச்சிப்பூப் பொதியைப் பிரித்து சிஸ்டரின் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

சிஸ்டர் அந்தக் கையைத் தள்ளினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு விரல் மேலே எழுந்தது. அந்த விரலை நாங்கள் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

"என்ன அது?"

"பிச்சி சிஸ்டர்" என்றார் டீச்சர்.

"பிச்சி இல்ல." கண்களை மூடினார். "நாறுது."

டீச்சர் பூவைக் கீழே இறக்கினார்.

"நாறுது டீச்சர்! எளவு, என்னமா நாறுது! மக்கா, நாறுதுடா!"

எழுந்து, இருக்கைகளைப் பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். பாத்திரத்தின் முன் தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். முகத்தை ஏறக்குறைய உள்ளேயே விட்டுவிட்டார்.

"நெத்திலி!"

"இல்ல சிஸ்டர், சாளை" என்றாள் திரேசம்மாள், பயந்துபோய்.

"சாளையா?" சிஸ்டர் சிரித்தார், அழுதார், எது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. "செரி, சாளை. அது பின்ன பாக்கலாம். நாறுதுல்லா, அது போரும். நீ ஏன் இத்தன நாளா இந்தப் பெட்டிக்கு வரல்ல?"

திரேசம்மாள் ஜெபினைப் பார்த்தாள். ஜெபின் என்னைப் பார்த்தான். நான் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வண்டியின் ஊதல் கேட்டது. நாங்கள் தினமும் திட்டித் தீர்க்கிற அதே வண்டி. குழித்துறைக்குப் போகிற வண்டி. சிஸ்டர் தலையைத் தூக்கினார்.

"பிள்ள வீட்டில முழிச்சிருப்பான்" என்றார்.

"போங்க சிஸ்டர்! சீசன் டிக்கெட் அதுக்கும் செல்லும்லா, ஓடுங்க!" ஜெபின் கத்தினான்.

"டூட்டி..."

"ஃபோன் பண்ணிச் சொல்லுங்க. உச்சைக்கு மேல வாறேன்னு சொல்லுங்க."

சிஸ்டர் இறங்கினார். இறங்கியவர் திரும்பி திரேசம்மாளிடம் கையை நீட்டினார். "ஒரு சாளை தா. வழியில இந்த மணம் போயிட்டா? மணந்துக்கிட்டே போறேன்." அவள் காகிதத்தில் சுற்றி இரண்டாகவே கொடுத்தாள். மழையில், குடை விரிக்காமல், கருவாட்டை மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் எதிர்ப் பிளாட்பாரத்துக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சனிக்கிழமை காலை குழித்துறையில் ஏறினார். மழை விட்டிருந்தது. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கப் பயமாகவும் இருந்தது. பள்ளியாடி போயிற்று. இரணியலில் வண்டி நின்றதும் இறங்கினார். கல் பெஞ்சில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார்.

நாங்கள் மூவரும் பின்னாலேயே இறங்கினோம். திரேசம்மாளும் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

சிஸ்டர் பழத்தை எடுத்தார். வெகுநேரம் மணந்து பார்த்தார். தோலை உரித்தார். ஒரு நார். இன்னொரு நார்.

"சிஸ்டர், பிள்ளைக்க தல..." டீச்சர் தாங்கமாட்டாமல் கேட்டார்.

விரல் உயர்ந்தது.

காத்திருந்தோம். அவர் தின்றார். எதிர்வண்டி வந்தது, நின்றது, புறப்பட்டது. கடைசி வாய் இறங்கியது. தோலை மடித்துக் காகிதத்தில் சுற்றினார்.

"பழம் தீந்து" என்றார். "முதல்ல கருவாடுதான் மணந்துச்சு. எனக்க கையில இருந்ததுல்லா? சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவினேன். மக ஏசுகா, அம்மைக்குக் கிறுக்கு பிடிச்சிட்டுன்னு. பெறவு மடியில போட்டுக் குனிஞ்சேன். ஒண்ணும் வரல்ல. அப்பிடியே குனிஞ்சு இருந்தேன். அவன் ஒறங்கிட்டான். நான் அசையல்ல. அப்ப வந்துச்சு டீச்சர். கொறச்சு. தூரத்தில யாரோ நம்மள விளிக்கமாதிரி. எண்ணெயும் பாலும், பின்ன வேற ஒண்ணும் உண்டு, அது என்னன்னா..."

சொல்ல வந்ததை நிறுத்திக் கண்களை மூடிக்கொண்டார். நாங்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றோம்.

எங்கள் வண்டி ஊதியது. பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துக் குலுங்கின. சிஸ்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். திரேசம்மாளின் பாத்திரத்தை எங்கள் பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டே ஜெபின் கத்தினான்:

"சவத்து வண்டி, அதுக்குள்ள எடுத்துட்டானே!"